புகை எழுந்தால்தான் செய்தி: அமேசான் காடழிப்பும் ஊடகங்களும்

அமேசான் மழைக்காடு ஏறத்தாழ 55 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இந்தியாவைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். பிரேசில், பெரு, கொலம்பியா, பொலிவியா, ஈக்வடார், வெனிசுவேலா, கயானா, சுரினாம் ஆகிய எட்டு நாடுகளிலும், பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட பிரெஞ்சு கயானாவிலும் அது பரவியிருக்கிறது. சுமார் 60 சதவீதம் பிரேசிலுக்குள் இருக்கிறது. 1970 வரை பெரும்பாலும் ஆற்றங்கரை ஊர்களைச் சுற்றி மட்டுமே மனிதர் கைபட்டிருந்த இந்தக் காட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதன்பின் வந்த அரை நூற்றாண்டில் மறைந்துவிட்டது. உலகப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அமேசானைப் பற்றி அதிகம் பேசியதும் இதே அரை நூற்றாண்டில்தான். ஆனால் காடு அதிகம் விழுந்த ஆண்டுகள் வேறு, செய்தி அதிகம் வந்த ஆண்டுகள் வேறு. இந்தப் பொருத்தமின்மைக்கு என்ன காரணம், எந்த வகைச் செய்தியால் காட்டுக்குப் பயன் கிடைத்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

காடு விழும் முறை

பிரேசிலில் 1964இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் அமேசானை ஆளில்லாத வெற்றிடமாகவே கண்டது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பழங்குடிகள் அந்தக் கணக்கில் சேரவில்லை. 1966இல் அமேசான் வளர்ச்சிக்கெனத் தனி அரசு நிறுவனம் அமைக்கப்பட்டு, அங்கு மாட்டுப் பண்ணை தொடங்குவோருக்கு வரிச் சலுகைகள் வாரி வழங்கப்பட்டன. 1970இல் டிரான்ஸ் அமேசான் நெடுஞ்சாலை வேலை தொடங்கியது. வடகிழக்குப் பிரேசிலின் வறட்சிப் பகுதி ஏழை உழவர்களைச் சாலையோரம் குடியேற்றுவது திட்டம். 1984இல் உலக வங்கிக் கடனில் ரொண்டோனியா மாநிலத்துக்குள் தார்ச்சாலை போடப்பட்டபோது குடியேறிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினர். முதன்மைச் சாலையிலிருந்து இருபுறமும் கிளைச் சாலைகள் பிரிய, ஒவ்வொன்றின் ஓரமும் காடு வெட்டப்பட, செயற்கைக்கோள் படத்தில் மீன்முள்ளைப் போன்ற வடிவம் தெரிந்தது. அமேசான் அழிவின் முத்திரைப் படமாக உலகெங்கும் அச்சான படம் அது.

சாலை வந்தபின் நடப்பது நிலத்தைப் பற்றிய சங்கதி. பிரேசில் அமேசானில் எந்தப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கப்படாமல் கிடக்கும் அரசுக் காடு 5 கோடி எக்டேருக்கு மேல். நம்மூர்ச் சொல்லில் புறம்போக்கு. அதில் ஒரு துண்டை வளைத்துப்போட நினைப்பவர் முதலில் மரத்தைச் சாய்க்கிறார். வெட்டிச் சுத்தம் செய்த நிலம் அனுபவத்தில் இருப்பதற்கான சான்றாகிவிடும். 2012இல் திருத்தப்பட்ட வனச் சட்டத்தின்படி உருவான நிலப் பதிவேட்டில் நில உரிமையாளரே தன் எல்லையை அறிவிக்கலாம். சுற்றுச்சூழல் கண்காணிப்புக்காக வந்த அந்தப் பதிவேட்டை, பட்டாவுக்கு முன்னோட்டமான காகிதமாக ஆக்கிரமிப்பாளர்கள் மாற்றிக்கொண்டனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய ஆக்கிரமிப்புகளை வரன்முறைப்படுத்தும் சட்டம் வருவதும் உண்டு. அடுத்த வரன்முறை எப்படியும் வரும் என்ற நம்பிக்கையே அடுத்த வெட்டுக்கு முதலீடாகிறது.

வேலை நடக்கும் விதம் பல இடங்களில் ஏறக்குறைய ஒன்றுதான். விலையுயர்ந்த மரங்களை முதலில் தனியாக எடுத்துவிடுகிறார்கள். மழை ஓயும் மே, ஜூன் மாதங்களில் கூலியாட்கள் இறங்கி அடிக்காட்டை அரிவாளால் ஒழித்து, பெருமரங்களைச் சங்கிலி ரம்பத்தால் சாய்ப்பார்கள். சாய்ந்த மரங்கள் இரண்டு மூன்று மாதம் வெயிலில் காயும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தீ வைப்பார்கள். சாம்பல் மேல் புல் விதை தூவி, புல் வந்ததும் மாடு விடுவார்கள். அழிக்கப்பட்ட நிலத்தின் மிகப் பெரும்பகுதி இன்று மாட்டு மேய்ச்சல் நிலம். சோயா பல இடங்களில் அதற்குப் பிறகுதான், பழைய மேய்ச்சல் நிலத்தைத் தேடி வருகிறது. மாட்டால் வரும் வருமானத்தைவிட, சுத்தம் செய்த நிலத்தின் விலை ஏற்றத்தால் வரும் லாபமே பல இடங்களில் பெரிது. மாடு நிலத்தைக் காவல் காக்கிறது என்றும் சொல்லலாம்.

ஆக, தொலைக்காட்சியில் தெரியும் தீ இந்த வரிசையில் கடைசிப் படி. தீ எரியும்போது அந்த மரங்கள் விழுந்து மாதங்களாகியிருக்கும்.

அளவுகோல்

காடழிப்பை நம்பகமாக எழுத முடிவதற்கு ஒரு நிறுவனம் முக்கியக் காரணம்: பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே. அதன் பிரோடெஸ் திட்டம் 1988 முதல் ஆண்டுதோறும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, முழுதாக வெட்டப்பட்ட, 6.25 எக்டேருக்குக் குறையாத இடங்களைக் கணக்கிடுகிறது. கணக்காண்டு ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஜூலையில் முடியும். 2004இல் தொடங்கிய டெட்டர் என்ற இன்னொரு திட்டம் அன்றாட எச்சரிக்கைக்கானது. எங்கே வெட்டு நடக்கிறது என்று வனக் காவல் அமைப்பான இபாமாவுக்குத் துப்புக் கொடுப்பது அதன் வேலை. துல்லியமான பரப்புக்குப் பிரோடெஸ், போக்கைக் காட்ட டெட்டர். டெட்டரின் ஒரு மாதக் கணக்கை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டு, ‘இத்தனை சதவீதம் உயர்வு’ என்று தலைப்பிடும் பழக்கம் பத்திரிகைகளிடம் உண்டு. மேகமூட்டம் ஒரு மாதம் மறைத்ததை அடுத்த மாதம் காட்டும் என்பதால் இப்படிப்பட்ட தலைப்புகளில் பல பொருளற்றவை.

பிரோடெஸ் கணக்கில் 1995இல் 29,059 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. பதிவானவற்றில் அதுவே உச்சம். 2004இல் 27,772. பின் 2012இல் 4,571 வரை சரிவு. 2019இல் மீண்டும் பத்தாயிரத்தைத் தாண்டி, 2021இல் 13,038. அதன்பின் இறங்கி, 2024இல் 6,288, 2025இல் 5,796. செய்தியின் ஏற்ற இறக்கத்தை இந்த எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் அலையும் பின் வந்த மௌனமும்

அமேசான் உலகச் செய்தியானது 1988இல். அந்த ஆண்டு அமெரிக்காவில் கடும் வெயிலும் வறட்சியும். ஜூனில் பருவநிலை அறிவியலாளர் ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழுவின் முன் புவி வெப்பமாவதைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். இன்பேயின் ஆல்பர்ட்டோ செட்சர், வானிலைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து அமேசான் தீக்களை எண்ணத் தொடங்கியிருந்தார். வெப்பத்துக்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்த செய்தியறைகளுக்குத் தீயின் படம் கையில் கிடைத்தது. டிசம்பர் 22 அன்று, ஆக்ரே மாநிலத்தின் ஷாபுரி என்ற சிற்றூரில், ரப்பர் பால் எடுப்போர் சங்கத் தலைவர் சிக்கோ மெண்டஸ் தன் வீட்டுப் பின்வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ரம்பக்காரர்களின் முன்னால் குடும்பம் குடும்பமாகப் போய் நின்று வெட்டைத் தடுக்கும் போராட்டத்தை நடத்தியவர் அவர். கொலையை நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வெளியிட்டது. ஐ.நா. விருது பெற்று வெளிநாட்டில் அறியப்பட்டிருந்த அவர், தெற்குப் பிரேசிலின் பெருநகரப் பத்திரிகைகளுக்கு அதுவரை பெரிய ஆளாகத் தெரிந்திருக்கவில்லை. தன்னைக் கொல்லப்போகிறார்கள் என்று அவர் முன்கூட்டியே சொன்ன பேட்டி, ரியோவின் ஜோர்னல் டு பிரசில் நாளிதழில் அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது.

1989 முழுக்க அமேசான் ஆண்டாகவே கழிந்தது. பிப்ரவரியில் பாரா மாநிலத்தின் அல்தமிராவில் அணைத் திட்டத்தை எதிர்த்துப் பழங்குடிகள் கூடினர். துயிரா என்ற கயாப்போ பழங்குடிப் பெண் மின்வாரிய அதிகாரியின் கன்னத்தில் வெட்டுக்கத்தியின் தட்டைப் பகுதியை வைத்து எச்சரித்த படம் உலகைச் சுற்றியது. பாடகர் ஸ்டிங், கயாப்போ தலைவர் ராவோனியுடன் நாடு நாடாகச் சென்றார். செப்டம்பரில் டைம் இதழ் அமேசான் தீயை அட்டைப்படமாக்கியது. ஆனால் அந்த ஆண்டுகளில் காடழிப்பு குறைந்துகொண்டுதான் வந்தது: 1989இல் 17,770; 1991இல் 11,030 சதுர கிலோமீட்டர். பிரேசிலின் பொருளாதாரம் நொடித்து, கடன் கிடைக்காமல் போனது அதற்கு முக்கியக் காரணம். செய்திக்கும் அதில் பங்கு இருக்கலாம். எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

1994இல் ரியால் என்ற புதிய நாணயம் வந்து பணவீக்கம் அடங்கியது. கையில் பணம் புரண்டது. 1995இல் காடழிப்பு உச்சம் தொட்டது. உலகப் பத்திரிகைகளில் அந்த ஆண்டு அமேசானுக்கு 1989இன் இடம் இல்லை. அரசு அந்தக் கணக்கை வெளியிட்டதே 1998 ஜனவரியில்தான். இரண்டரை ஆண்டு பழைய எண்ணுக்குச் செய்தி மதிப்பு குறைவு என்பது எந்தச் செய்தி ஆசிரியருக்கும் தெரியும்; அரசுக்கும் தெரிந்திருக்கும். பொதுப் பிரச்சினை ஒன்றின்மேல் மக்கள் கவனம் திடீரென எழுந்து, தீர்வின் விலை தெரியத் தெரியச் சலித்து, மெல்ல விலகும் என்று அமெரிக்க அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் 1972இல் எழுதியிருந்தார். அமேசான் விஷயத்தில் அது அப்படியே பலித்தது. சலிப்போடு தகவல் தாமதமும் சேர்ந்துகொண்டது என்பதுதான் அவர் சொல்லாத பகுதி.

அதே 1998இன் தொடக்கத்தில் ரொரைமா மாநிலத்தில் எல் நினோ வறட்சியால் பெருந்தீ பரவியது. மார்ச் இறுதியில் கயாப்போ மந்திரவாதிகள் இருவரை விமானத்தில் அழைத்து வந்து மழைச் சடங்கு நடத்தினர். அடுத்த நாளே மழை கொட்டியது. அதுவரை அந்தத் தீயைக் கண்டுகொள்ளாத ஊடகங்களும் இந்தச் செய்தியை விடவில்லை. மழையைப் போல மந்திரவாதிகளும் ஒரே நாளில் வந்து போனார்கள். அந்த மாநிலத்து யானோமாமி மக்களின் நிலத்தில் தங்கம் தோண்டுவோர் அதற்கு முன்பும் இருந்தார்கள், பின்பும் இருந்தார்கள்.

செய்தியாகாத வெற்றி

2004க்கும் 2012க்கும் இடையில் பிரேசில் அமேசானின் காடழிப்பு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வளரும் நாடு ஒன்று தன் காட்டைக் காக்க எடுத்த முயற்சிகளில் இதற்கு இணை குறைவு. ஆக்ரேயில் ரப்பர் பால் எடுக்கும் குடும்பத்தில் பிறந்து, சிக்கோ மெண்டஸுடன் போராடிய மரினா சில்வா 2003இல் சுற்றுச்சூழல் அமைச்சரானார். டெட்டர் எச்சரிக்கை வந்ததும் இபாமா ஆட்கள் களத்துக்குப் போனார்கள். காடழிப்பு மிகுந்த நகராட்சிகளின் பட்டியல் வெளியிடப்பட்டது. 2008இல் மத்திய வங்கி, நில ஆவணமும் சுற்றுச்சூழல் இணக்கமும் காட்டாதவருக்கு அமேசானில் விவசாயக் கடன் இல்லை என்றது. புதிய காப்பகங்களும் பழங்குடி நிலங்களும் அறிவிக்கப்பட்டன. இவற்றில் எதிலும் புகைப்படத்துக்கு ஏற்ற காட்சி இல்லை. வங்கி மேலாளர் ஒரு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுப்பதை யார் படமெடுப்பார்கள்? உலக ஊடகங்கள் இந்த எட்டாண்டுகளில் அமேசானைப் பெரிதாகக் கவனித்தது பெரும்பாலும் கொலையின்போதுதான். 2005 பிப்ரவரியில் பாரா மாநிலத்தின் அனப்புவில் அமெரிக்கக் கன்னியாஸ்திரி டோரதி ஸ்டாங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதே காலத்தில் ஒரு வகை எழுத்து மட்டும் நேரடிப் பலன் தந்தது. 2006இல் கிரீன்பீஸ் வெளியிட்ட அறிக்கை, அமேசான் சோயா கப்பலேறி ஐரோப்பாவில் கோழித் தீவனமாகி, மெக்டொனால்ட்ஸ் கடைத் தட்டில் போய் விழும் பாதையைக் காட்டியது. பத்திரிகைகள் நிறுவனத்தின் பெயரைப் போட்டு எழுதின. சில மாதங்களுக்குள், அந்த ஜூலைக்குப் பின் அழிக்கப்பட்ட அமேசான் நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று பெருவணிக நிறுவனங்கள் உடன்பட்டன. 2009இல் மாட்டுத் தோலுக்கும் இறைச்சிக்கும் இதே போன்ற அறிக்கை வந்தது. காலணி நிறுவனங்கள் கேள்வி கேட்டன. பெரிய இறைச்சிக்கூடங்கள் உறுதிமொழி தந்தன. மாட்டு விஷயத்தில் ஓட்டை பெரிது. அழித்த நிலத்தில் பிறந்த கன்று, சட்டப்படியான பண்ணைக்கு மாற்றப்பட்டு அங்கிருந்து விற்கப்பட்டால் கணக்கு சுத்தமாகிவிடும். சோயா உடன்பாடு பல ஆண்டுகள் உறுதியாக நின்றது. 2025இல் பிரேசிலின் வணிகப் போட்டி ஒழுங்குமுறை அமைப்பே அது வணிகர்கள் செய்துகொண்ட கூட்டு என்று விசாரணை தொடங்கும் அளவுக்கு அது பண்ணையாளர்களை உறுத்தியிருக்கிறது.

2019 ஆகஸ்ட்

ஜைர் போல்சொனாரோ 2019 ஜனவரியில் அதிபரானார். டெட்டர் எச்சரிக்கைகள் ஜூன், ஜூலையில் எகிறின. ஜூலை 19 அன்று வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம், இன்பேயின் கணக்கு பொய் என்றார் அதிபர். இன்பே இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவ் பின்வாங்காமல் பதில் சொன்னார். ஆகஸ்ட் 2 அன்று அவரது பதவி பறிக்கப்பட்டது. காடழிப்பைப் பற்றிய அந்த ஆண்டின் முதன்மையான செய்தி இதுதான்.

ஆகஸ்ட் 5 அன்று, பாரா மாநிலத்தின் நோவோ புரோக்ரெசோ என்ற ஊரின் சிறு பத்திரிகையான ஃபோல்யா டு புரோக்ரெசோ ஒரு செய்தி போட்டது. 10ஆம் தேதி ‘தீ நாள்’ என்றும், பண்ணையாளர்கள் சேர்ந்து அன்று தீ வைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்றும் அது சொன்னது. அரசு வழக்கறிஞர்கள் இபாமாவை எச்சரித்தார்கள். தடுக்கப் போதிய காவல் துணை கிடைக்கவில்லை. சொன்ன நாளில் தீ எழுந்தது. எழுதிய செய்தியாளருக்குக் கொலை மிரட்டல் வந்தது. ஐந்து நாள் முன்னதாகவே நாள் குறித்துச் சொன்ன இந்தச் செய்தியை உலகம் படித்தது எல்லாம் எரிந்த பிறகு.

ஆகஸ்ட் 19 பிற்பகல் மூன்று மணியளவில் சாவ் பாவ்லோ இருண்டது. குளிர்க்காற்று கொண்டுவந்த மேகத்தோடு தொலைதூரத் தீயின் புகையும் கலந்திருந்தது. நாட்டின் மிகப்பெரிய நகரவாசிகள் கைபேசியை எடுத்தார்கள். அடுத்த மூன்று நாளில் அமேசான் தீ உலகத்தின் முதல் செய்தி. பிரான்ஸ் அதிபர் மக்ரோன், நம் வீடு எரிகிறது, உலக ஆக்சிஜனில் 20 சதவீதம் தரும் நுரையீரல் எரிகிறது என்று ட்விட்டரில் எழுதி, உடன் ஒரு படம் போட்டார். படத்தை எடுத்த லோரன் மக்கின்டயர் 2003லேயே இறந்துவிட்டவர். கால்பந்து வீரர் ரொனால்டோ பகிர்ந்த படம் 2013இல் பிரேசிலின் தென்கோடியில் எடுத்தது. அது அமேசானே அல்ல.

ஆக்சிஜன் கணக்கும் தவறு. காடு பகலில் ஒளிச்சேர்க்கையால் வெளியிடும் ஆக்சிஜனை, அதே மரங்களின் சுவாசமும் மட்கும் இலைதழைகளை உண்ணும் நுண்ணுயிர்களும் ஏறக்குறைய முழுதாகச் செலவழித்துவிடுகின்றன. நிகர வரவு பூச்சியத்துக்கு அருகில். அமேசான் முழுதும் அழிந்தாலும் மூச்சுக் காற்றுக்குப் பஞ்சம் வராது. பஞ்சம் வருவது மழைக்கு. அமேசானில் பெய்யும் மழையில் கணிசமான பங்கு மரங்கள் நீராவியாக வெளியிட்டு மீண்டும் பெய்வது என்று பிரேசில் அறிஞர் எனெயாஸ் சலாட்டி 1970களில் ஐசோடோப்பு ஆய்வுகளால் காட்டினார். அந்த ஈரத்தில் ஒரு பகுதி ஆண்டிஸ் மலையில் மோதித் திரும்பித் தெற்குப் பிரேசில் வரை மழை தருகிறது. பண்ணையாளர்களின் சோயாவும் அதில்தான் விளைகிறது. 20 முதல் 25 சதவீதம் வரை அழிந்தால் கிழக்கு, தெற்கு அமேசான் மழைக்காடாக நீடிக்க முடியாமல் புல்வெளியாகச் சரியத் தொடங்கலாம் என்று அறிவியலாளர்கள் தாமஸ் லவ்ஜாயும் கார்லோஸ் நோப்ரேயும் 2018இல் எழுதினர். தென்கிழக்கு அமேசான் கரியமில வாயுவை உள்வாங்குவதைவிட அதிகமாக வெளியிடுகிறது என்று லூசியானா கட்டியின் குழு 2021இல் நேச்சர் இதழில் காட்டியது. இவை உண்மையான அபாயங்கள். நுரையீரல் உருவகம் கையிலிருந்ததால் பல செய்தியறைகள் இவற்றைத் தேடிப் போகவில்லை.

தவறுகளின் விலை உடனே தெரிந்தது. செப்டம்பர் 24 அன்று ஐ.நா. பொதுச்சபையில் போல்சொனாரோ, அமேசான் உலகின் நுரையீரல் என்பது தவறு என்றும் வெளிநாட்டு ஊடகங்கள் பொய் பரப்புகின்றன என்றும் பேசினார். முதல் பாதி சரி என்பதால் இரண்டாம் பாதிக்கும் கேட்க ஆள் கிடைத்தது.

உலக அழுத்தத்தால் அவர் ராணுவத்தை அனுப்பினார். 60 நாளுக்குத் தீ வைக்கத் தடை போட்டார். செப்டம்பரில் தீ எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. கேமராக்கள் போய்விட்டன. ரம்பங்கள் நிற்கவில்லை. 2020இல் காடழிப்பு 10,851 சதுர கிலோமீட்டராகவும் மறு ஆண்டு அதற்கு மேலும் ஏறியது. 2019 ஆகஸ்டில் இன்பே பதிவு செய்த தீ சுமார் 30,900. 2022 ஆகஸ்டில் சுமார் 33,100. இரண்டாவது எண் பெரிது. 2019இல் எழுந்த கூக்குரலில் ஒரு சிறு பங்குகூட அதற்கு எழவில்லை. சாவ் பாவ்லோ அன்று பகலில் இருளவில்லை.

தகவலைத் தாமதப்படுத்தும் பழைய உத்தியும் திரும்பி வந்தது. 2021இன் பிரோடெஸ் அறிக்கையில் அச்சிட்டிருந்த தேதி அக்டோபர் 27. வெளியானது நவம்பர் 18. கிளாஸ்கோ பருவநிலை மாநாடு முடிந்து ஐந்து நாளுக்குப் பிறகு.

உள்ளூரில் எழுதுகிறவர்கள்

அமேசானைப் பற்றி நெடுங்காலமாகச் சிறப்பாக எழுதியவர்கள் அங்கேயே வாழ்கிறவர்கள். பெலெம் நகரத்தின் லூசியோ ஃபிளாவியோ பின்ட்டோ 1987இல், பாரா மாநில அரசியல்வாதி ஒருவரின் கொலையைப் பற்றித் தான் எழுதியதைப் பெரிய பத்திரிகைகள் வெளியிட மறுத்தபோது ஜோர்னல் பெசோவல் என்ற சிற்றிதழைத் தொடங்கினார். விளம்பரம் கிடையாது, எழுத்தும் ஆசிரியப் பணியும் அவரே. கள்ளப் பத்திரங்களால் பெருநிலங்கள் கைமாறும் கதையை ஆவணத்தோடு எழுதினார். அவர்மேல் போடப்பட்ட வழக்குகள் 30க்கும் மேல். 2005இல் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் சர்வதேச விருது அவருக்குக் கிடைத்தது. அமேசானில் செய்தியாளரின் வாயடைக்கத் துப்பாக்கியைவிட நீதிமன்றத் தாக்கீது மலிவான கருவி என்பதற்கு அவரது வாழ்க்கையே சாட்சி.

துப்பாக்கியும் பயன்படாமல் இல்லை. 2022 ஜூன் 5 அன்று, பெரு எல்லையை ஒட்டிய ஜவாரி பள்ளத்தாக்கில், கார்டியன் நாளிதழுக்கு எழுதிவந்த டோம் ஃபிலிப்ஸும், பழங்குடிகளுக்காக உழைத்த புரூனோ பெரெய்ராவும் ஆற்றில் படகில் திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டனர். சட்டவிரோத மீன்பிடிப்பைக் கண்காணிக்கப் பழங்குடிகளுக்குப் பெரெய்ரா பயிற்சி தந்துவந்ததே பகைக்குக் காரணம். ஃபிலிப்ஸ் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை நண்பர்கள் முடித்து 2025இல் வெளியிட்டார்கள்.

இணையம் வந்தபின் நிலைமை ஓரளவு மாறியது. மனாவுஸில் 2013இல் இரு பெண் செய்தியாளர்கள் தொடங்கிய அமேசோனியா ரியால், வரைபடங்களையும் தரவுகளையும் வைத்து எழுதும் இன்ஃபோஅமேசோனியா, கொத்தடிமைக் கூலியையும் இறைச்சி வணிகத்தையும் தொடர்ந்து துருவும் ரிப்போர்ட்டர் பிரசில் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. எலியானே புரூம் முதலியோர் அல்தமிராவில் 2022இல் தொடங்கிய சுமவுமா, அடுத்த ஜனவரியில், யானோமாமி நிலத்தில் நான்கு ஆண்டுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட 570 குழந்தைகள் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தனர் என்று எழுதியது. சட்டவிரோதத் தங்கச் சுரங்கக்காரர்களால் நீர் கெட்டு, மலேரியா பரவி, மருத்துவ நிலையங்கள் முடங்கிக் கிடந்தன. அந்த நாட்களிலேயே, போல்சொனாரோவுக்குப் பின் வந்த புதிய அரசு அங்கு மருத்துவ நெருக்கடிநிலை அறிவித்தது. அறக்கட்டளை நிதியில் ஓடும் இந்தச் சிறு நிறுவனங்கள் செய்ததைப் பெரிய தொலைக்காட்சிகள் செய்திருக்க முடியும். நாட்டின் மிகப்பெரிய தொலைக்காட்சியான குளோபோ 2016 முதல் வேளாண் பெருவணிகத்தைப் புகழும் தொடர் விளம்பரத்தை ஓட்டிவந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே குளோபோவின் செய்திப் பிரிவு காடழிப்பைப் பற்றி நல்ல செய்திகளையும் தந்திருக்கிறது. ஒரே நிறுவனத்துக்குள் இரண்டும் நடக்கும்.

எண்களால் வரும் குழப்பம்

காடழிப்புச் செய்தியில் பரப்பைக் கால்பந்து மைதானங்களாக மாற்றிச் சொல்வது உலக வழக்கமாகிவிட்டது. நிமிடத்துக்கு இத்தனை மைதானம் என்றால் பயம் வரும். எங்கே, யாருடைய நிலத்தில், சட்டப்படியா இல்லையா என்பது வராது. இதைவிடச் சிக்கலானது ஒரே ஆண்டுக்கு இரு வேறு கணக்குகள் வருவது. 2024இல் பிரேசில் அமேசானில் காடழிப்பு குறைந்ததாகப் பிரோடெஸ் சொன்னது: 6,288 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 6.3 லட்சம் எக்டேர். அதே ஆண்டில் பிரேசில் முழுதும் 28 லட்சம் எக்டேர் முதுகாடு இழக்கப்பட்டதாக, மேரிலாந்து பல்கலைக்கழகத் தரவைக் கொண்ட குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் அறிவித்தது. இரண்டும் பொய்யல்ல. பிரோடெஸ் முழுதாக வெட்டப்பட்டதை எண்ணுகிறது. மற்றது தீயால் மேற்கவிகை கருகிய காட்டையும் சேர்க்கிறது. அந்த ஆண்டின் கடும் வறட்சியில், வெட்டாத காட்டுக்குள்ளும் தீ புகுந்தது. வெட்டு குறைந்தது, கருகியது கூடியது என்பதே முழு உண்மை. அரசு முதல் எண்ணைச் சொன்னது, இயக்கங்கள் இரண்டாவதைச் சொன்னன, வாசகர் குழம்பினார்.

மாநாடு வந்தாலும் இதே கோளாறு. 2025 நவம்பரில் பெலெமில் பருவநிலை மாநாடு நடந்தது. அதற்கு முன் மார்ச்சில், மாநாட்டுக்காகக் காட்டை வெட்டிச் சாலை போடுகிறார்கள் என்ற செய்தி உலகைச் சுற்றியது. சாலை நகரத்தின் ஓரத்தில் சுமார் 13 கிலோமீட்டர். மாநாடு முடிவாவதற்கு முன்பே திட்டமிடப்பட்டது என்று மாநில அரசு மறுத்தது. முரண்நகை நல்ல தலைப்புக்கு உதவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மனாவுஸையும் போர்ட்டோ வெல்யோவையும் இணைக்கும் பிஆர்-319 சாலை 885 கிலோமீட்டர். அதன் நடுவே 400 கிலோமீட்டருக்கு மேல் தார் பெயர்ந்து கைவிடப்பட்ட பகுதியை மீண்டும் அமைத்தால், இதுவரை தொடப்படாத மத்திய அமேசானுக்குள் மீன்முள் சாலைகள் நுழையும் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காக எச்சரிக்கிறார்கள். அதற்கு 13 கிலோமீட்டரின் புகழ் கிடைக்கவில்லை.

மற்றக் காடுகள்

காங்கோ படுகையின் மழைக்காடு உலகில் இரண்டாவது பெரியது. காங்கோ ஜனநாயகக் குடியரசு மட்டும் 2024இல் ஏறத்தாழ 5.9 லட்சம் எக்டேர் முதுகாட்டை இழந்தது. சோற்றுக்குப் பயிரிடும் சிறு உழவரும் அடுப்புக்கரி சுடுவோரும் அங்கே முதன்மைக் காரணம். குற்றஞ்சாட்டப் பெருநிறுவனம் இல்லை, இன்பே போன்ற சொந்த அளவீட்டு நிறுவனமும் இல்லை. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் போகும்போதும் போரைப் பற்றி எழுதவே போகிறார்கள். பொலிவியா 2024இல் சுமார் 15 லட்சம் எக்டேரை இழந்து பிரேசிலுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. அமேசானின் ஒரு பகுதியே அங்கு இருந்தும் அந்நாட்டின் பெயர் தலைப்புகளில் அரிது.

இந்தோனேசியக் காடு தமிழ் வாசகர்களுக்கு இவற்றைவிட நெருக்கமானது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் கரிநிலக் காடுகளை வடித்து, எரித்து, எண்ணெய்ப் பனை நடும்போது எழும் புகைமூட்டம் சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குப் பழகிப்போன ஒன்று. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. முகக்கவசம், பள்ளி விடுமுறை, அண்டை அரசுகளின் வாக்குவாதம் எல்லாம் செய்தியாயின. காற்றுத் திசை மாறியதும் செய்தியும் நின்றது. சாவ் பாவ்லோவில் நடந்ததும் இதுவே.

உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்கு 75 லட்சம் முதல் ஒரு கோடி டன் வரை வாங்குகிறது. பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருவது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் லட்சக்கணக்கான அடுப்படிகளில் புழங்குகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்து, மே 23 அன்று நீக்கியது. அந்த வாரங்களில் இந்திய ஊடகங்கள் அதைப் பெரும்பாலும் விலைவாசிச் செய்தியாகவே தந்தன: எண்ணெய் எவ்வளவு ஏறும், பலகாரக் கடைகள் என்ன செய்யும், கையிருப்பு எத்தனை நாளுக்கு. விளைந்த நிலத்தின் கதை அதில் இல்லை.

வாங்குகிற நாட்டின் பத்திரிகைகள் சரக்கின் பாதையைத் தேடிப் போனபோது என்ன நடந்தது என்பதை 2006இன் சோயா உடன்பாடு காட்டுகிறது. தமிழ்ச் செய்தியறைகள் இதற்காகக் காட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் எண்ணெய் எந்த மாகாணத்தின் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, அந்தத் தோட்டம் எந்த ஆண்டில் காடாக இருந்தது என்று இறக்குமதியாளரிடமும் கொள்முதல் செய்யும் துறையிடமும் கேட்டு, கிடைக்கும் பதிலை, பதில் கிடைக்காவிட்டால் அதையும், அச்சிட வேண்டும்.